இங்க் பாட்டில்ல பூசணமா? அறிகுறியை வச்சு கண்டுபிடிச்சு சரி பண்ற வழி

முதல்லயே சொல்லிடுறேன், ஃபவுண்டன் பேனா இங்க் பாட்டில்ல இருக்கிறது பூசணம்தான்னு உறுதியாயிடுச்சுன்னா அந்த இங்க்கை காப்பாத்த வழி கிடையாது, எவ்வளவு பிடிச்ச கலரா இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். ஆனா பெரிய வேலை பாட்டில்ல இல்ல. அந்த இங்க் எந்தெந்த பேனாவுக்குள்ள போச்சு, எந்த சிரிஞ்ச்ல ஏறுச்சு, அந்த பேனாவை அதுக்கப்புறம் வேற எந்த பாட்டில்ல முக்குனீங்க, அங்கதான் கவனம் வேணும். ஒரு பாட்டில் போனா போகுது, அலமாரில இருக்கிற மத்த பாட்டிலுக்கெல்லாம் பரவிடக் கூடாது. அதனால சந்தேகம் வந்த பாட்டிலை மூடி இப்பவே தனியா எடுத்து வைங்க, அந்த இங்க் நிரப்பின பேனாக்களையும் அது பக்கத்துலயே வைங்க, முடிவு தெரியுற வரைக்கும் அந்த பேனாவை எந்த பாட்டில்லயும் முக்காதீங்க.

அதே சமயம், மிதக்குறது எல்லாம் பூசணமும் இல்ல. பயந்துபோய் நல்ல இங்க்கை சிங்க்ல கொட்டிட்டு அப்புறம் வந்து போட்டோ காட்டுறவங்க நிறைய பேர், பாத்தா அது வெறும் சாயத் துகளா இருக்கும். அதனால கொட்டுறதுக்கு முன்னாடி கீழ இருக்கிற சோதனைகளை பண்ணிப் பாருங்க, ஒண்ணும் பெரிய வேலை இல்ல.

இது எப்படி வருதுன்னு கொஞ்சம் தெரிஞ்சா மத்ததெல்லாம் சுலபமா புரியும். ஃபவுண்டன் பேனா இங்க்ல பெரும்பங்கு தண்ணி. அதுல சாயம், நிப்ல சீக்கிரம் காயாம இருக்க கிளிசரின் வகையில ஏதாவது ஒண்ணு, ஓட்டம் நல்லா வர்றதுக்கு கொஞ்சம் சர்ஃபாக்டன்ட், அப்புறம் கிருமி வளராம தடுக்க ஒரு ப்ரிசர்வேட்டிவ். பூசண வித்து காத்துல எப்பவும் இருக்கு, நீங்க மூடியை திறக்கிற ஒவ்வொரு தடவையும் நாலு வித்து உள்ள விழத்தான் செய்யும், அதை வளர விடாம அமுக்கி வைக்கிறது இந்த ப்ரிசர்வேட்டிவ் வேலை. அதோட பலம் குறையுறப்பதான் பிரச்சனை ஆரம்பிக்குது. ரொம்ப பழைய பாட்டில், தண்ணி ஊத்தி நீர்க்க வச்சது, ரெண்டு இங்க்கை கலந்து வச்சது, கழுவின பேனாவை ஈரத்தோடயே முக்கி முக்கி எடுத்தது, இந்த நாலுலதான் அதிகமா வரும்.

பழைய காலத்து இங்க்ல ஃபீனால் போட்டிருப்பாங்க, கார்பாலிக் அமிலம்னு சொல்றது அதைத்தான், 1834ல ஜெர்மன் வேதியியலாளர் ரூங்கே நிலக்கரித் தார்ல இருந்து பிரிச்சது, 1865ல அறுவை மருத்துவர் லிஸ்டர் காயத்துக்கு கிருமிநாசினியா பயன்படுத்தினதும் அதுதான். பழைய பாட்டிலை திறந்தா ஆஸ்பத்திரி வாசனை அடிக்கிறது அதனாலதான். அது விஷத்தன்மை உள்ளதுங்கிறதால இப்ப பெரும்பாலான தயாரிப்பாளர்கள் மென்மையான வேற பொருளுக்கு மாறிட்டாங்க, நம்ம உடம்புக்கு அது நல்லதுதான், பூசண விஷயத்துல நாம இன்னும் கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணும், அவ்வளவுதான்.

சோதனைக்கு வேண்டியது: ரெண்டு மூணு டூத்பிக், வெள்ளை டிஷ்யூ, சின்ன டார்ச், ஒரு பூதக்கண்ணாடி, கையுறை. மூக்கை பாட்டில் வாயில வச்சு மோந்து பார்க்காதீங்க, ஆஸ்துமா இருக்கிறவங்களும் எதிர்ப்பு சக்தி குறைவா இருக்கிறவங்களும் மாஸ்க் போட்டுக்கங்க, முடிஞ்சா வேற யாரையாவது பண்ணச் சொல்லுங்க.

அறிகுறி: மேல ஆடை படிஞ்சிருக்கு

பாட்டிலை ஆட்டாம எடுத்து மேசைல வச்சு மூடியை மெதுவா திறங்க. டார்ச்சை பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சு மேற்பரப்பை பாருங்க. காய்ச்சின பால்ல ஆடை படியுற மாதிரி ஒரு மெல்லிசு தோல் இருந்து, பாட்டிலை லேசா சாய்க்கும்போது அது மடிஞ்சு சுருங்குச்சுன்னா கிட்டத்தட்ட உறுதி. பூசணத்துக்கு காத்து வேணும், அதனால அது முதல்ல பிடிக்கிற இடம் மையும் காத்தும் சேர்ற அந்த மேற்பரப்புதான்.

ஆனா இதே இடத்துல ரெண்டு விஷயம் ஏமாத்தும். ஒண்ணு சர்ஃபாக்டன்ட் நுரை, ஓரத்துல குட்டிக் குமிழியா ஒட்டிட்டு இருக்கும், டூத்பிக்கால தொட்டா உடைஞ்சு போயிடும். இன்னொண்ணு ஷீன் அதிகமா இருக்கிற இங்க், அதுல மேற்பரப்பு செப்பு நிறமாவோ பச்சையாவோ உலோகம் போல மினுமினுக்கும், அது சாயத்தோட குணம், பூசணம் இல்ல. டூத்பிக்கை மேற்பரப்புல படுக்கையா வச்சு மெதுவா தூக்கிப் பாருங்க. வெறும் இங்க்னா சொட்டி வழிஞ்சுடும், குச்சி மேல சாயம் மட்டும் நிக்கும். ஆடைன்னா குச்சியோட ஒரு ஓரம் சேர்ந்து மேல வரும், கிழிஞ்ச துணி நுனியாட்டம் தொங்கும், அதை டிஷ்யூல தடவினா இங்க் பரவிப் போயிட்டு நடுவுல சாம்பல் நிறத்துல ஒரு சவ்வு தனியா தங்கும். அந்த சவ்வை பாத்துட்டீங்கன்னா இதுக்கு மேல யோசிக்க ஒண்ணும் இல்ல, நேரா கீழ பேனா கழுவுற பகுதிக்கு போயிடுங்க.

அறிகுறி: பாட்டில் கழுத்துலயோ மூடிக்குள்ளயோ ஏதோ பிடிச்சிருக்கு

மூடி மரையில கெட்டியா கருநிறத்துல பொருக்கு கட்டி இருக்கிறது பெரும்பாலும் காய்ஞ்ச இங்க்தான். சாயம் ரொம்ப அடர்த்தியா இருக்கிற இங்க்ல இது சகஜம், ஈர டிஷ்யூ வச்சு துடைச்சா கலரோட கரைஞ்சு வந்துடும்.

பூசணம் அப்படி இருக்காது. பஞ்சுபஞ்சா, வெள்ளை இல்லன்னா சாம்பல் பச்சை நிறத்துல, பூதக்கண்ணாடில பாத்தா நூல் நூலா நிக்கும். மூடிக்குள்ள இருக்கிற அட்டை வட்டத்தை கண்டிப்பா பாருங்க, இதை யாரும் பாக்குறதே இல்ல. அட்டையோ ஸ்பாஞ்சோ இங்க்கை குடிச்சு எப்பவும் ஈரமா இருக்கும், அங்க ப்ரிசர்வேட்டிவ் புதுசா வந்து சேர்றதும் இல்ல, அதனால பாட்டிலுக்குள்ள இங்க் தெளிவா இருந்தும் மூடியில பூசணம் பிடிச்சிருக்கும். மூடியில இருந்தா பாட்டிலும் போச்சுன்னுதான் கணக்கு வைக்கணும், ஏன்னா ஒவ்வொரு தடவை சாயும்போதும் வித்து உள்ள இறங்கிட்டேதான் இருந்திருக்கும். மூடியை மட்டும் மாத்திட்டு அந்த இங்க்கை தொடர்ந்து பயன்படுத்தலாமான்னு கேக்காதீங்க, அது ரிஸ்க்.

அறிகுறி: அடியில வண்டல், துகள்

இங்கதான் நல்ல இங்க் அநியாயமா குப்பைக்கு போகுது. அடியில படியுறது பெரும்பாலும் பூசணம் இல்ல.

பிக்மென்ட் இங்க்னா (தண்ணில கரையாத நிறத் துகள் கலந்த இங்க்) துகள் அடியில இறங்குறது இயல்பு, மூடியை இறுக்கி மெதுவா தலைகீழா கவுத்து நிமிர்த்தினா சீரா கலந்துடும். ஷிம்மர் இங்க்ல அடியில வெள்ளியாவோ தங்கமாவோ படிஞ்சிருக்கிறது மைக்காத் தூள். சாய இங்க்ல குளிரால, இல்ல தண்ணி ஆவியாகிப் போனதால, சாயம் படிகமா இறங்கும். அதை டூத்பிக் நுனில எடுத்து வெள்ளைத் தட்டுல வச்சு பூதக்கண்ணாடில பாத்தா முனை முனையா பளபளக்கும், ரெண்டு சொட்டு வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டர் விட்டா கரைஞ்சு கலர் ஓடும். பூசணம் கரையாது, தண்ணில அப்படியே உருண்டு நிக்கும்.

அயர்ன் கால் இங்க் தனிக் கதை. இரும்பு உப்பும் டானின் வகை அமிலமும் சேர்ந்த இங்க் அது, காத்து பட பட கருப்பா மாவு வண்டல் இறங்கும், அது தண்ணில கரையாது, அதனால மேல சொன்ன தண்ணி சோதனை இதுக்கு செல்லாது. இதுக்கு தண்ணில வைட்டமின் சி தூள் ஒரு சிட்டிகை கரைச்சு அதை விட்டுப் பாருங்க, இரும்பு வண்டல்னா கருப்பு வெளுத்து கரைய ஆரம்பிக்கும், பூசணம்னா ஒண்ணும் ஆகாது. தட்டுல எடுத்த துளிக்கு மட்டும்தான் இந்த சோதனை, பாட்டிலுக்குள்ள போட்டுடாதீங்க. இன்னொரு விஷயம், அயர்ன் கால் இங்க் அமிலத்தன்மை உள்ளது அதனால அதுல பூசணம் வராதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அது தப்பு. ஆஸ்பர்ஜில்லஸ் வகை பூசணம் சிலதுக்கு டானினே சாப்பாடு, பழைய காலத்துல மாசிக்காயை ஊற வச்சு பூசணம் பிடிக்க விட்டுதான் காலிக் அமிலமே எடுத்தாங்க.

ஐட்ராப்பர் பேனா (பேனா உடம்புக்குள்ளயே நேரா இங்க் ஊத்துற வகை) வச்சிருக்கிறவங்க கவனிக்கணும், மரையில தடவுற சிலிக்கான் கிரீஸ் வெள்ளைத் திட்டா பிரிஞ்சு இங்க்ல மிதக்கும், பாத்தா அச்சு அசல் பூசணம்தான். விரல் நடுவுல வச்சு தேய்ச்சா கிரீஸ் வழுக்கிட்டே ஒட்டியிருக்கும், தண்ணி அதுல ஒட்டாம உருண்டு ஓடும். கையுறையோட தேய்ங்க.

கலக்கினா சீரா பரவுதா, தண்ணில கரையுதா, முனையா பளபளக்குதா, இதுல எதுக்காவது ஆமான்னு பதில் வந்தா பாட்டில் பெரும்பாலும் நல்லா இருக்கு. எதுக்குமே இல்ல, கிரீஸும் இல்ல, கலக்கினாலும் கட்டி கட்டியாவே சுத்துதுன்னா அது வளர்ந்து நிக்கிற ஒண்ணு.

அறிகுறி: குச்சியை விட்டு எடுத்தா நூல் இழுக்குது

டூத்பிக்கை அடி வரைக்கும் விட்டு மெதுவா ஒரு சுத்து சுத்தி எடுங்க. வழவழன்னு கோழையா இழுத்துட்டு வந்தா அது பூசணமாவோ பாக்டீரியா கட்டின சளிப்படலமாவோ இருக்கலாம், ரெண்டும் சேர்ந்தும் இருக்கும். எதுன்னு பிரிச்சு தெரிஞ்சுக்கிட்டு ஒண்ணும் ஆகப் போறதில்ல, பண்ண வேண்டியது ஒண்ணுதான், தூக்கிப் போடுறது. பேனாவுக்கு ரொம்ப கெடுதல் பண்றது இந்த வகைதான், ஃபீட்ல (நிப்புக்கு அடியில இங்க்கை இறக்கிக் குடுக்கிற பாகம்) இருக்கிற மெல்லிசு கோடுகளுக்குள்ள போய் ஒட்டிக்கிட்டு சாதாரணமா தண்ணி விட்டு அலசினா வரவே வராது.

அறிகுறி: வாசனை மாறியிருக்கு

ஒவ்வொரு இங்க்குக்கும் ஒரு வாசனை உண்டு, சிலது மருந்து வாசனை, சிலது பெயின்ட் வாசனை. அது பிரச்சனை இல்ல, வாங்கினப்ப இருந்த வாசனை மாறியிருக்கான்னுதான் பாக்கணும். பாட்டிலை தள்ளி வச்சு கையால விசிறிப் பாருங்க. ஈரத் துணியை மூட்டை கட்டி வச்ச நாத்தம், புளிச்ச நாத்தம், அழுகின நாத்தம் வந்தா சந்தேகப்படணும். வாசனையை மட்டும் வச்சு முடிவு பண்ண வேணாம், டூத்பிக் சோதனையையும் பண்ணுங்க, அது சுத்தமா வந்தா பாட்டிலை ரெண்டு வாரம் ஆட்டாம தனியா வச்சுட்டு திரும்ப பாருங்க. வளர்றதா இருந்தா அதுக்குள்ள மேல தெரிஞ்சுடும்.

அறிகுறி: பாட்டில் சுத்தமா இருக்கு, ஆனா பேனா திணறுது

நல்லா ஓடிட்டு இருந்த பேனா திடீர்னு விட்டு விட்டு எழுதுது, நிப் முனையில குட்டியா ஒரு பிசிறு மாட்டுது, துடைச்சா மறுபடி வருது, கன்வெர்ட்டர்ல (பேனாக்குள்ள இங்க்கை உறிஞ்சி வைக்கிற பிஸ்டன் குழாய்) இங்க் இருந்தும் கீழ இறங்க மாட்டேங்குது. இதுக்கு காய்ஞ்ச இங்க், பேப்பர் நார், நிப் சரியா உக்காராததுன்னு நூறு காரணம் இருக்கு, முதல்ல அதையெல்லாம் பாருங்க. ஆனா கன்வெர்ட்டரை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு ஒரு தடவை உருட்டிப் பாருங்க. உள்ள சுவர்ல இங்க் சீரா வழியாம திட்டுத் திட்டா ஒட்டி நிக்குதா, பிஸ்டன் ரப்பர் ஓரத்துல கலங்கலா ஒரு வளையம் தெரியுதா? இங்க்கை காலி பண்ணிட்டு தண்ணி ஏத்தி இறக்குங்க, கலர் எல்லாம் போய் தண்ணி தெளிவா வந்த அப்புறமும் அந்த வளையம் மட்டும் அங்கயே இருந்து, பிஸ்டன் போற வர்ற வழியெல்லாம் வழுக்கலா ஒரு தடம் விட்டுட்டு போனா பேனாவுக்குள்ளதான் தொத்து.

இந்த மாதிரி நேரத்துல பாட்டில் இன்னும் பிழைச்சிருக்க வாய்ப்பு இருக்கு, ஆனா இந்த பேனாவை கடைசியா எப்ப அதுல முக்குனீங்கங்கிறதை பொறுத்து. சிரிஞ்ச்ல எடுத்து நிரப்புற பழக்கம் இருந்தா நிம்மதியா இருக்கலாம். நிப்பை முக்கி நிரப்புறவங்க அந்த பாட்டிலை தனியா வச்சு பாத்துட்டு இருங்க.

பேனாவை கழுவுறது

எத்தனை பேனால அந்த இங்க் போச்சோ அத்தனையும் கழுவணும், பாக்க சுத்தமா இருக்கிறதையும் சேர்த்து.

முதல்ல வெறும் தண்ணி, சூடு வேணாம். இங்க் கலர் சுத்தமா போற வரைக்கும் அலசுங்க, பல்ப் சிரிஞ்ச் இருந்தா செக்‌ஷன் (விரல் பிடிக்கிற முன்பாகம்) பின்பக்கமா அழுத்தி விடுங்க, வேகமா போகும். இந்த படியை தாண்டிப் போயிடாதீங்க, ஏன்னா அடுத்து வரப்போறது ப்ளீச், நிறைய இங்க் அமிலத்தன்மை உள்ளது, அமிலமும் ப்ளீச்சும் சேர்ந்தா குளோரின் வாயு வரும். அதைவிட முக்கியம், கடைல விக்கிற பென் ஃப்ளஷ்ல (பேனா கழுவுற திரவம்), வீட்டுல கலக்குறதுலயும், பெரும்பாலும் அமோனியா இருக்கும், அமோனியாவும் ப்ளீச்சும் சேர்ந்தா குளோரமின் வாயு, மூச்சுக்கு ஆபத்து. ரெண்டையும் ஒரே நாள்ல ஒரே கிண்ணத்துல எடுக்கவே எடுக்காதீங்க. ஜன்னலை திறந்து வச்சுக்கங்க.

அடுத்து பிரிக்க முடிஞ்சதை பிரிங்க. நிப்பும் ஃபீடும் உருவி எடுக்கிற மாதிரி பேனான்னா உருவிடுங்க, பிரிக்கக் கூடாத பேனாவை முறுக்கி உடைச்சுடாதீங்க. ஃபீட் கோடுகளை மெல்லிசான டூத் பிரஷ்ஷால தேய்ங்க, படலம் உரிஞ்சு வரணும், அது மேல இருக்கிற வரைக்கும் எந்த மருந்தும் அடியில போய் சேராது. அல்ட்ராசானிக் க்ளீனர் இருந்தா நல்லா உதிர்த்துக் குடுக்கும், ஆனா உதிர்க்கும் அவ்வளவுதான், கொல்லும்னு நினைச்சுடாதீங்க.

அப்புறம் வாசனை எதுவும் சேர்க்காத சாதா ப்ளீச் ஒரு பங்குக்கு தண்ணி ஒன்பது பங்கு, அப்பப்ப புதுசா கலக்குங்க, நேத்து கலந்து வச்சதுக்கு பலம் இருக்காது. பிளாஸ்டிக் செக்‌ஷன், பிளாஸ்டிக் ஃபீட், இதுக்குள்ள அதை ஏத்தி அஞ்சு நிமிஷம் விட்டு இறக்குங்க. ஸ்டீல் நிப், முலாம் போட்ட பாகம் எல்லாம் அதுக்கு மேல ஊறக் கூடாது, ராத்திரி முழுக்க ஊற வச்சா அரிச்சுடும். எபோனைட் (கெட்டி ரப்பர்) ஃபீடை இன்னும் சீக்கிரமா எடுத்துடுங்க, மேற்பரப்பு மங்கும். ரப்பர் சாக் (இங்க் நிரம்புற பை) இருக்கிற பேனால ப்ளீச் விடாதீங்க, சாக்கையே மாத்திடுறதுதான் சரி. கேசின் (பால் புரதத்துல செஞ்ச பிளாஸ்டிக்) பேனாவுக்கு தண்ணில ஊறுறதே ஆகாது, செல்லுலாய்டும் அக்ரிலிக்கும் ஆல்கஹால் பட்டா கெட்டுடும், அந்த மாதிரி பேனாவோ விலை உயர்ந்த பழைய பேனாவோ இருந்தா பழுது பாக்குறவர்கிட்ட குடுத்து விஷயத்தை தெளிவா சொல்லிடுங்க, சொல்லாம குடுத்தா அவங்க வச்சிருக்கிற இங்க்குக்கும் பரவும்.

ப்ளீச் போன அப்புறம் தண்ணி விட்டு நிறைய தடவை அலசி, கடைசியா டிஸ்டில்டு வாட்டர்ல ஒரு அலசல், அப்புறம் நிப் கீழ பாக்க டிஷ்யூல நிக்க வச்சு நாலஞ்சு நாள் காய விடுங்க. ஈரம் உள்ள இருந்தா பட்ட பாடு வீண். பேனா மூடியை மறந்துடாதீங்க, உள்மூடிக்குள்ள தெறிச்ச இங்க்ல பூசணம் உக்காந்திருக்கும், பட்ஸ்ல அதே கரைசலை தொட்டு துடைச்சு அலசி காய வைங்க. பேனா வச்சிருந்த துணி பையையும் துவைச்சு வெயில்ல போடுங்க.

கன்வெர்ட்டர், திரும்பத் திரும்ப நிரப்பின கார்ட்ரிட்ஜ், சிரிஞ்ச், சாம்பிள் குப்பி, இதையெல்லாம் காப்பாத்த மெனக்கெட வேணாம், மாத்திடுங்க. பிஸ்டன் ரப்பருக்கு பின்னாடி போன படலத்தை பிரிக்காம எடுக்க முடியாது.

கழுவின பேனாவுக்கு முதல்ல உங்ககிட்ட இருக்கிறதுலயே சாதாரணமான ஒரு நீல இங்க்கை சிரிஞ்ச்ல எடுத்து நிரப்புங்க, பாட்டில்ல நேரா முக்கக் கூடாது. ரெண்டு மூணு வாரம் அதுல எழுதுங்க. படலம் திரும்பலன்னா பேனா தேறிடுச்சு.

"இங்க்கை காப்பாத்த ஒரு வழியும் இல்லையா?"

இதை எல்லாரும் கேக்குறாங்க, கேக்குறதுல தப்பும் இல்ல, நிறுத்திட்ட கலரா இருந்தா மனசு வராது. ஆனா சொல்லப்படுற ஒவ்வொரு வழியும் ஏன் வேலைக்காகாதுன்னு சொல்றேன். ஃபில்டர் பேப்பர்ல வடிகட்டினா கண்ணுக்கு தெரியுற கட்டி நிக்கும், வித்து அந்த ஓட்டை வழியா சுகமா இறங்கிப் போயிடும், பாட்டில் கொஞ்ச நாள் சுத்தமா தெரியும், அந்த நம்பிக்கைல நீங்க இன்னும் நாலு பேனாவுக்கு நிரப்புவீங்க, முன்னைவிட மோசம். கொதிக்க வச்சா தண்ணி ஆவியாகி அடர்த்தி மாறும், சாயம் கெடலாம், செத்த பூசணத்தோட உடம்பு உள்ளயே கிடந்து ஃபீடை அடைக்கும். ப்ளீச்சை பாட்டில்லயே ஊத்தினா கலர் போயிடும், அமில இங்க்னா வாயுவும் வரும். ஆல்கஹால் ஊத்தினா ஓட்டம் மாறி பேப்பர்ல பஞ்சா பரவும்.

ஃபீனால் வாங்கி ரெண்டு சொட்டு விடலாமான்னு கேக்குறவங்களுக்கு, தயவு செஞ்சு வேணாம். அது தோலை எரிக்கும், தோல் வழியாவே உடம்புக்குள்ள போகும், வீட்டு மேசைல வச்சு புழங்குற பொருள் இல்ல. அதோட ப்ரிசர்வேட்டிவ்ங்கிறது வித்து முளைக்காம தடுக்க போடுற அளவு, ஏற்கனவே வளர்ந்து குடும்பமா உக்காந்திருக்கிறதை அந்த அளவு அழிக்காது, அழிச்சாலும் மிச்சம் உள்ளதான் கிடக்கும்.

அதனால பாட்டிலை இறுக்கி மூடி பிளாஸ்டிக் கவர்ல கட்டி போட்டுடுங்க. போடுறதுக்கு முன்னாடி லேபிள், தயாரிப்பு எண், ஆடை தெரியுற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கங்க. புதுசா வாங்கி திறந்ததுமே இருந்துச்சுன்னா அது உங்க தப்பே இல்ல, வித்தவங்களுக்கும் தயாரிப்பாளருக்கும் போட்டோவோட எழுதுங்க. அதே எண்ல வேற யாருக்கும் வராம அவங்க பாத்துக்கவும் அது உதவும். பாட்டில் அழகா இருக்கு கழுவி வேற இங்க் ஊத்திக்கிறேன்னா வேணாம், கழுவி சும்மா அலமாரில வைங்க.

அறிகுறி: தூக்கிப் போட்ட அப்புறமும் வேற பாட்டில்ல வருது

ஏதோ ஒண்ணு நடுவுல கடத்திட்டு இருக்கு. எல்லா பாட்டிலுக்கும் ஒரே சிரிஞ்ச்சா? கழுவ வச்சிருக்கிற தண்ணி டம்ளர் எத்தனை நாளா அங்கயே இருக்கு? டிஸ்டில்டு வாட்டர் கேனை திறந்து மாசக்கணக்கா ஆச்சா? அந்த கேன்லயே பாசி மாதிரி படலம் கட்டியிருக்கும், அதை யாரும் சந்தேகப்படுறதில்ல. இங்க்ல நீர்க்க ஊத்துற தண்ணி ஒண்ணு, கடைசி அலசல் தண்ணி ஒண்ணு, ரெண்டும் இதே கேன்ல இருந்துதான் வருதுன்னா எல்லா பேனாவையும் நீங்களே தொத்து பண்ணிட்டு இருப்பீங்க. கேனை மாத்துங்க, சிரிஞ்ச்சை மாத்துங்க, பாக்கி இருக்கிற பாட்டில் ஒவ்வொண்ணையும் டூத்பிக் போட்டு பாருங்க, ஒரு பாட்டிலுக்கு ஒரு குச்சி.

இனிமே புது பாட்டில் திறக்கும்போது அஞ்சு மில்லி குப்பில கொஞ்சம் ஊத்தி வச்சு அதுல இருந்து மட்டும் நிரப்புங்க, குப்பில மிஞ்சினதை ஒருநாளும் பாட்டில்ல திருப்பி ஊத்தாதீங்க. லேபிள்ல திறந்த தேதியை எழுதுங்க. நீர்க்க வைக்கிறதா கலக்குறதா எதுவா இருந்தாலும் ஒரு நிரப்புக்கு வேண்டிய அளவு மட்டும். வெளிச்சம் படாத, ரொம்ப சூடில்லாத இடத்துல நிமிர்த்தி வைங்க, ஃப்ரிட்ஜ் வேணாம், சாயம் இறங்கிடும்.

அறிகுறி: எழுதின நோட்டுல புள்ளி

கெட்ட இங்க்ல எழுதின பக்கம் காய்ஞ்சு வறண்ட இடத்துல இருந்தா பொதுவா ஒண்ணும் ஆகாது, பயந்து நோட்டையெல்லாம் கிழிக்க வேணாம். புழுக்கமா, ஈரமா இருக்கிற அலமாரில மூடி வச்சிருந்தா மட்டும் கோட்டை ஒட்டி சாம்பல் புள்ளி வரலாம். வந்திருந்தா ஈரத் துணியால துடைக்காதீங்க, காத்தாட விரிச்சு நல்லா காய வச்சு, வெளிய எடுத்துட்டு போய் மாஸ்க் போட்டுட்டு மெல்லிசு பிரஷ்ஷால தட்டி விடுங்க. முக்கியமான பக்கம்னா அதுக்கு முன்னாடியே ஸ்கேன் பண்ணிடுங்க, மத்த நோட்டுங்க கூட திரும்ப அடுக்காம ஒரு மாசம் தனியா வச்சு பாருங்க.